வாலாஜாப்பேட்டைக் கம்பளத்தின் சிவப்பு வேர்ச்சாயமா, ஆலைச்சாயமா?

கேள்வி: பாலாற்றங்கரையான், வேலூர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரியில் வட ஆற்காட்டுக் கைத்தொழில்களைப் பற்றி ஒரு சிறு கண்காட்சி நடத்தவிருக்கிறோம். அதில் வைப்பதற்காக ஆற்காட்டுக் குடும்பம் ஒன்று, தலைமுறைகளாகத் தங்கள் வீட்டில் இருந்துவரும் கம்பளி முடிச்சுக் கம்பளம் ஒன்றைத் தர இசைந்திருக்கிறது. அது வாலாஜாப்பேட்டையில் நெய்யப்பட்டது என்பது அவர்கள் வாய்வழியாக அறிந்த செய்தி. எழுத்துச் சான்று ஏதும் இல்லை. நடுப்பரப்பு செங்கல்லைவிடச் சற்று ஆழமான சிவப்பாகவும், கரை கருநீலமாகவும் இருக்கின்றன. பூக்களின் வெளிக்கோடுகள் கறுப்பு. மூலையில் உள்ள சில பூக்கள் மட்டும் சாம்பல் நிறமாக வெளுத்துப்போயிருக்கின்றன.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. கம்பளத்தின் அருகே வைக்கும் குறிப்பில் "சாயவேர்ச் சிவப்பு" என்று எழுதலாமா என்பது முதலாவது. ஆலைகளில் செய்யப்பட்ட சாயங்கள் நம் பகுதிக்கு எப்போது வந்தன, வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ரசாயனச் சாயமே நம் சாயத்தொழிலைக் கொன்றது என்று பலரும் சொல்வது எந்த அளவுக்குச் சரி என்பது இரண்டாவது. மாணவர்கள் முன்னால் தவறான செய்தியை வைத்துவிடக் கூடாது என்பதால், விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: பழைய வாலாஜா

ஐயா, உங்கள் இரண்டாவது ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதற்கு விடை தெரிந்தால்தான் முதல் ஐயத்தைச் சரியாகக் கேட்கவே முடியும்.

நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய அந்த ஊர், மலைக்கு மேலேயுள்ள மைசூர்ச் சீமைக்கும் சென்னைக்கும் இடையில் நடந்த வண்டி வாணிகத்தால் வளர்ந்தது. அதன் செல்வச் செழிப்புக்கு அடையாளமாகவே 1866ஆம் ஆண்டில் அங்கே நகராட்சி ஏற்பட்டது. தமிழ்நாட்டின் முதல் நகராட்சி என்ற பெருமை இன்றும் அதற்கு உண்டு. முசுலிம் நெசவாளர்கள் நெய்த கம்பளங்கள் அந்த ஊரின் பேர்பெற்ற சரக்குகளுள் ஒன்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது என்பது நம் ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த செய்தி. அதே ஆண்டு, லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயது மாணவர், மலேரியாவுக்கான கொயினா மருந்தைச் செயற்கையாகச் செய்யப் போய், கரித்தாரிலிருந்து (நிலக்கரியை வாட்டும்போது வடியும் தார்) கிடைக்கும் அனிலினிலிருந்து ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டெடுத்தார் என்பது அவ்வளவாக அறியப்படாதது. வண்டி வாணிகத்தை ரயில் தன் பக்கம் இழுத்துக்கொண்டதால் வாலாஜாவின் வாணிகச் சிறப்பு மங்கத் தொடங்கியது. சாயத்தின் வருகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஒரு தொழில் தேய்ந்ததற்குத் தகர டப்பாவில் வந்த பொடி மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது.

ரசாயனச் சாயம் என்று ஒரே பெயரில் அழைப்பதால் ஒரே நாளில் வந்த ஒரே பொருள் போலத் தோன்றுகிறது. உண்மையில் மூன்று வெவ்வேறு வரவுகள் நிகழ்ந்தன, மூன்றின் விளைவுகளும் வேறு வேறானவை. முதல் வரவு பெர்கினின் ஊதாவும், 1859இல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்த மெஜந்தா என்ற ஊதாச் சிவப்புச் சாயமும், அவற்றைத் தொடர்ந்து வந்த அனிலின் சாயங்களும் ஆகும். இவை கண்ணைப் பறிக்கும், கம்பளியிலும் பட்டிலும் சட்டென ஏறும், வெயில் பட்டால் அதே வேகத்தில் வெளுக்கும். கம்பளத்தின் பேரைக் கெடுத்தவை இவையே. பாரசீக அரசும் இதே காரணத்துக்காக, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அனிலின் சாயங்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது. நம் பக்கத்தில் அப்படி ஒரு தடை இருக்கவில்லை. போதாததற்கு, வேலூர் உள்படப் பல மத்தியச் சிறைகளில் கைதிகளை வைத்துக் கம்பளம் நெய்து குறைந்த விலைக்கு விற்றார்கள். சிறைக் கம்பளங்கள் இந்தியக் கலையைக் கெடுக்கின்றன என்று ஜார்ஜ் பேர்ட்வுட் போன்ற ஆங்கிலேயர்களே அன்று கடிந்து எழுதினார்கள்.

இரண்டாவது வரவு அலிசரின். இதைத்தான் நீங்கள் மாணவர்களுக்கு நிதானமாக விளக்க வேண்டும். சோழமண்டலக் கரையின் சிவப்புக்கு ஆதாரமான சாயவேரில் (சித்த மருந்துக் கடையில் இம்பூறல் என்று கேட்டால் கொடுப்பதும் இந்தச் செடியைத்தான்) உள்ள முதன்மையான நிறப்பொருளும், ஐரோப்பாவின் மஞ்சிட்டி இனத்து வேரில் உள்ள நிறப்பொருளும் இதே அலிசரின்தான். 1868இல் கிரேபே, லீபர்மன் என்ற இரு ஜெர்மானிய வேதியியலாளர்கள் இதைக் கரித்தாரில் கிடைக்கும் ஆந்த்ரசீனிலிருந்து செய்து காட்டினார்கள். அதை மலிவாகச் செய்யும் முறைக்குக் காப்புரிமை கேட்டு அவர்களது தரப்பு 1869 ஜூன் 25ஆம் நாள் விண்ணப்பித்தது. பெர்கின் மறுநாள் விண்ணப்பித்தார். அடுத்த சில ஆண்டுகளில் பிரான்சின் அவிஞ்ஞோன் பகுதியில் வேர்ப் பயிர் செய்தவர்கள் நிலைகுலைந்தார்கள். இங்கேயும் அடிபட்டவர்கள் வேரைப் பயிரிட்டவர்களும், காட்டில் தோண்டி விற்றவர்களும்தான். சாயக்காரருக்கோ, ஈராண்டு வளர்ந்த வேரைத் தோண்டி, இடித்து, மூட்டை மூட்டையாகக் கொதிக்க வைக்கும் வேலை மிச்சமாயிற்று. கடுக்காயும் படிகாரமும் எண்ணெயும் பழையபடியே தொடர்ந்தன. நிறமும் அதே நிறம், சாயமும் கெட்டியானது. எனவே இந்த வரவு சாயத்தொழிலைக் கொன்றது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

மூன்றாவது வரவு நீலம். அடால்ஃப் பேயர் 1880இல் செயற்கை நீலத்தைச் செய்துவிட்டார் என்றாலும், அதை இலாபகரமாகத் தயாரிக்க ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்துக்கு 1897 வரை ஆயிற்று. இடையில், நாப்தலீனைச் சூடாக்கும்போது ஒரு வெப்பமானி உடைந்து பாதரசம் கொட்டியதால்தான் தேவையான வினை விரைவாக நடக்கிறது என்று தெரியவந்ததாக அந்தத் தொழிலின் வரலாற்றில் சொல்வார்கள். 1897இல் உலகில் ஏறத்தாழ 19,000 டன் நீலம் செடியிலிருந்து எடுக்கப்பட்டது. 1914இல் அது 1,000 டன்னாகச் சுருங்கியது. வட ஆற்காடு, தென் ஆற்காடு, கடப்பை ஆகிய மாவட்டங்கள் அவுரி என்ற நீலச்செடியைப் பயிரிட்டவை என்பதால் இந்த அடி நம் உழவர்களின் வயிற்றில் நேரடியாக விழுந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மன் சாயம் வராமல் நின்றபோது அவுரிக்குச் சில ஆண்டுகள் மீண்டும் உயிர் வந்து, போர் முடிந்ததும் போயிற்று.

ஆகவே "ரசாயனச் சாயம் கொன்றது" என்ற வாசகத்தை எழுதுவதானால், யாரைக் கொன்றது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவுரி உழவரை, ஆம். வேர் தோண்டியவரை, ஆம். சாயக்காரரை அது வேறு சரக்குக்கு மாற்றியது. கம்பளக்காரரின் கதை ரயிலும் சிறையும் மெஜந்தாவும் சேர்ந்து எழுதியது.

மறுமொழி 2: குடியாத்தம் சாயப்பட்டறை

மேலே எழுதிய ஐயாவின் விளக்கம் மிகவும் தெளிவாக இருக்கிறது. நான் லுங்கி நூலுக்குச் சாயம் போடும் குடும்பத்தில் பிறந்து, பிறகு சாய வேதியியல் படித்தவன் என்பதால், உங்கள் முதல் ஐயத்துக்கு என்னால் இயன்ற விடையைத் தருகிறேன்.

முதலில், கம்பளியில் சிவப்பு என்றவுடன் சாயவேர் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. சாயவேர் பருத்தியின் சிவப்பு என்றே பெயர் பெற்றது. பருத்தி இழை எளிதில் நிறம் வாங்காது. அதற்குக் கடுக்காய்த் துவர்ப்பு ஏற்றி, படிகாரம் பிடிக்கவைத்து, பிறகுதான் வேரோடு கொதிக்கவிட முடியும். கம்பளியோ மயிர், அதாவது புரதம். படிகாரத்தை நேரடியாக வாங்கும், அரக்குச் சாயத்தையும் நன்றாக வாங்கும். இந்தியக் கம்பளங்களின் பழைய சிவப்புகளில் பெரும்பங்கு அரக்கினுடையது. உங்கள் கம்பளத்தின் சிவப்பு அரக்காக இருக்கலாம், வேராக இருக்கலாம், டப்பா அலிசரினாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவை வேறு சில உள்ளன. வெளுத்துப்போன மூலைப் பூக்களை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பளத்தை அந்த இடத்தில் மெதுவாக மடித்து, முடிச்சுகளுக்கு இடையே விரலால் இழைகளை விலக்கி, அடிவரை பாருங்கள். நுனி சாம்பலாகவும், முடிச்சை ஒட்டிய அடி பளிச்சென்ற ஊதாவாகவோ ரோஜாச் சிவப்பாகவோ இருந்தால் அது பெரும்பாலும் மெஜந்தா வகையைச் சேர்ந்த அனிலின் சாயம். கம்பளத்தின் பின்புறத்திலும் அதே பகட்டு நிறம் தெரியும். இயற்கைச் சாயமும் வெளுக்கும் என்றாலும், நுனிக்கும் அடிக்கும் இடையே இப்படி வேறு இனமாகத் தோன்றும் அளவுக்கு மாறுவதில்லை. அவ்வாறு இருந்தால் அந்தக் கம்பளம் 1860க்கு முற்பட்டதாக இருக்க வழியில்லை என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

அடுத்து, கறுப்பு வெளிக்கோடுகளின் மேல் உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவிப் பாருங்கள். சிவப்புப் பரப்பைவிடக் கறுப்புக் கோடு பள்ளமாகக் கையில் பட்டால், அது இரும்பும் கடுக்காயும் சேர்த்துப் போட்ட கறுப்பு. இரும்பு உப்பு, காலப்போக்கில் கம்பளி இழையை அரித்துவிடும். அதனால் சுற்றியுள்ள பூ மேடாகவும், கோடு பள்ளமாகவும் செதுக்கியதுபோல் நிற்கும். நம் ஜவ்வாது மலையிலிருந்து வந்த கடுக்காய், தோல் பதனிடுகிறவர்களுக்கு மட்டுமன்றிச் சாயக்காரர்களுக்கும் தேவைப்பட்ட பொருள். இந்த அடையாளம் இருந்தால், அந்தக் கறுப்பு மட்டிலுமாவது பழைய கைமுறையைச் சேர்ந்தது என்று துணிந்து சொல்லலாம். ஒரே கம்பளத்தில் கடுக்காய்க் கறுப்பும் மெஜந்தாப் பூவும் சேர்ந்து இருப்பதில் வியப்பு எதுவும் இல்லை. கையில் எது இருந்ததோ, எது மலிவோ, அதைத்தான் அன்றைய சாயக்காரர் எடுத்தார்.

காங்கோ சிவப்பு என்ற ஆலைச்சாயமா என்பதையும் சோதித்துப் பார்த்துவிட வேண்டும். 1884இல் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்ட இந்தச் சாயம், எந்தப் பற்றுப்பொருளும் (படிகாரம் போல நிறத்தை இழையில் பிடித்துவைக்கும் பொருள்) இல்லாமல் பருத்தியில் நேராக ஏறிய முதல் செயற்கைச் சாயங்களுள் ஒன்று. வெந்நீரில் கரைத்து நூலைப் போட்டால் போதும் என்பதால் உலகெங்கும் பரவியது, கம்பளத்திலும் புகுந்தது. அமிலம் பட்டால் இது நீலமாகும். கம்பளத்தின் விளிம்பில் தளர்ந்து நிற்கும் சிவப்பு இழையில் துணுக்கு ஒன்றைக் கத்தரித்து, வெள்ளைப் பீங்கானில் வைத்து ஒரு சொட்டு வினிகர் விட்டால் தெரிந்துவிடும். கம்பளத்தின் மேலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடாதீர்கள். இந்தச் சாயம் பென்சிடின் என்ற புற்றுநோய் உண்டாக்கும் பொருளிலிருந்து செய்யப்படுவது; 1990களில் ஜெர்மனியும் நம் அரசும் இத்தகைய சாயங்களைத் தடை செய்தன. இந்தியாவின் தடைப் பட்டியலில் அசோ, பென்சிடின் வகைச் சாயங்கள் 112 உள்ளன.

வேரா, டப்பாவா என்பதை மட்டும் ஆய்வகம்தான் சொல்ல முடியும். சில மில்லிமீட்டர் நூல் போதும். அதிலுள்ள நிறப்பொருளைக் கரைத்து எடுத்து, குரோமட்டோகிராபி முறையில் பிரித்தால் உடன் வரும் பொருள்கள் காட்டிக்கொடுத்துவிடும். அரக்கு என்றால் அலிசரினே இராது, அரக்கின் நிறப்பொருளான லாக்காயிக் அமிலம் தெரியும். மஞ்சிட்டி இனத்து வேர் என்றால் பர்ப்யூரின் என்ற பொருள் இருக்கும். நம் சாயவேரில் அலிசரின் உண்டு, பர்ப்யூரின் இல்லை. பழைய ஆலை அலிசரினிலோ, ஆந்த்ரசீனிலிருந்து செய்யும்போது உடன் பிறக்கும் ஆந்த்ரபர்ப்யூரின், ஃபிளாவோபர்ப்யூரின் ஆகியவை கலந்திருக்கும். இவை சாயவேரில் வருவதில்லை. ஒரே மூலக்கூறுதான் என்றாலும், கூட வந்தவர்களை வைத்து அது எந்த ஊரிலிருந்து புறப்பட்டது என்று கண்டுபிடிக்க முடிகிறது.

கூடுதலாக ஒன்று. குடியாத்தம் லுங்கியின் சிவப்பு சாயவேர்ப் பரம்பரையின் தொடர்ச்சி என்று உங்கள் கண்காட்சியில் எழுதிவிட வேண்டாம். நானறிந்த காலத்தில் அது நாப்தால் சிவப்பு, 1912 வாக்கில் ஜெர்மனியில் வந்த முறை. நூல் சிட்டத்தை முதலில் காரத்தில் கரைத்த நாப்தாலில் நனைத்துப் பிழிவோம். அப்போது அது வெளிர்மஞ்சளாக, சாயம் போட்டதாகவே தோன்றாமல் இருக்கும். பிறகு பனிக்கட்டி போட்டுக் குளிரவைத்த "பேஸ்" (நாப்தாலோடு சேர்ந்து சிவப்பைத் தரும் இன்னொரு வேதிப்பொருள்) கரைசலில் முக்கினால், கை எடுப்பதற்குள் சிவப்பு பொங்கி வரும். சாயம் தொட்டியில் உருவாவதில்லை, இழைக்குள்ளேயே உருவாகிறது. அதனால்தான் அவ்வளவு கெட்டி. சாயப்பட்டறையில் பனிக்கட்டிக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு இதுவே விடை.

மறுமொழி 3: ராணிப்பேட்டை வேதியியல் ஆசிரியை

இரண்டு அண்ணன்மாரும் சொல்லாமல் விட்டது தண்ணீர். எந்த ஊர்ச் சாயம் சிறந்தது என்ற பழைய பேச்சுகளில் எல்லாம், இன்ன ஆற்றுத் தண்ணீருக்குத்தான் இந்தச் சிவப்பு வரும் என்று சொல்வார்கள். படித்தவர்கள் அதைப் பெருமைப் பேச்சு என்று தள்ளிவிடுவதுண்டு. அலிசரின் சிவப்பு என்பது அலுமினியத்தோடு மட்டும் சேர்ந்த நிறம் அன்று; அலுமினியமும் கால்சியமும் இரண்டும் சேர்ந்து கட்டும் ஒரு கூட்டு. கால்சியம் இல்லாத மென்னீரில் அந்தச் சிவப்பு முழுமை பெறாது என்பதால், ஐரோப்பியச் சாய ஆலைகளில் சுண்ணாம்புக் கல்லைப் பொடித்துத் தொட்டியில் சேர்த்தார்கள். ஆகவே தண்ணீரால் நிறம் மாறும் என்ற சாயக்காரரின் சொல்லில் வேதியியல் உண்மை இருந்திருக்கிறது.

பழைய சாயம் என்றால் தீங்கற்றது, ஆலைச் சாயம் என்றால் நஞ்சு என்ற எண்ணத்தை உங்கள் கண்காட்சி வளர்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கம்பளியில் நிறம் ஓடாமல் இருக்க 19ஆம் நூற்றாண்டில் பரவிய பற்றுப்பொருள் பொட்டாசியம் டைகுரோமேட். மரச்சாயம், வேர்ச்சாயம் ஆகியவற்றையும் இதை வைத்தே பலர் போட்டார்கள். இதிலுள்ள குரோமியம் என்ன கேடு செய்யும் என்பதை எங்கள் ஊரில் விளக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் தோல் தொழிலுக்காகக் குரோமேட் செய்து, 1990களின் நடுவில் மூடப்பட்ட ஒரு தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவு, ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டன் என்று சொல்லப்படுவது, பல ஆண்டுகள் திறந்த வெளியில் குவிந்து கிடந்தது. மழைக்குப் பிறகு அதன் ஓரத்தில் தேங்கும் நீர் மஞ்சளாக இருக்கும்.

பாலாறு கெட்டதற்குச் சாயப்பட்டறைகளே காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். அது திருப்பூரின் நொய்யல் ஆற்றுக் கதையை இங்கே ஒட்டவைப்பதாகும். நம் வழக்கு தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பில், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொல்லப்பட்டது. ஐந்து மாவட்டங்களில் 900க்கும் மேற்பட்ட தோல் ஆலைகள் அதில் பேசப்பட்டன. திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு 2011 ஜனவரியில் வந்தது. அங்கே சிக்கல் வேறு. 1956இல் சந்தைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள் பருத்தியோடு வேதிப் பிணைப்பாகவே ஒட்டிக்கொள்வன. ஆனால் சாயத்தை இழைக்குள் தள்ளுவதற்குத் தொட்டியில் ஏராளமான உப்பைக் கொட்ட வேண்டும், ஒட்டாமல் நீரோடு வினைபுரிந்துவிட்ட சாயத்தை அலசி வெளியேற்றவும் வேண்டும். நிறத்தை எடுத்துவிடலாம், உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பால் எடுக்க முடியாது. சவ்வு வழியாக அழுத்தி வடித்து, மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

கேள்வியாளர்: பாலாற்றங்கரையான்

மூவருக்கும் மிக்க நன்றி. இன்று மாலை அந்தக் குடும்பத்தாரின் முன்னிலையில் கம்பளத்தை விரித்துப் பார்த்தேன். மூலைப் பூக்களின் அடியில், முடிச்சை ஒட்டி, நல்ல ரோஜாச் சிவப்பு தெரிகிறது. கறுப்புக் கோடுகள் கையில் பள்ளமாகப் படுகின்றன. சிவப்பு இழைத் துணுக்கு வினிகரில் நிறம் மாறவில்லை. குறிப்பில், "கம்பளி முடிச்சுக் கம்பளம், வாலாஜாப்பேட்டையில் நெய்யப்பட்டது என்பது குடும்ப வழக்கு, 1860க்குப் பிற்பட்டது, கறுப்பு இரும்பு-கடுக்காய், பூக்களில் அனிலின் சாயம், சிவப்பு ஆய்வுக்குரியது" என்று எழுத எண்ணியிருக்கிறேன். தூசு நிறைய இருப்பதால், வைப்பதற்கு முன்னால் சோப்பு நீரில் அலசலாமா என்று குடும்பத்தார் கேட்கிறார்கள்.

மறுமொழி 4: குடியாத்தம் சாயப்பட்டறை

ஐயா, குறிப்பு சரியாக இருக்கிறது. "பெரும்பாலும்" என்ற சொல்லை அனிலினுக்கு முன்னால் சேர்த்துவிடுங்கள். அலசுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அனிலின் சாயம் இருக்கும் கம்பளத்தில் நீர் பட்டால் ரோஜா நிறம் பக்கத்து வெள்ளைக்குள் ஓடும், ஓடிய நிறத்தைத் திரும்ப எடுக்க முடியாது. கறுப்புக் கோடுகளில் ஏற்கெனவே அரித்துப்போன இழைகளும் நீரில் உதிர்ந்துவிடும். வலைத்துணி கட்டிய குழாயை வைத்துக் குறைந்த இழுவிசையில் வேக்குவம் கிளீனரால் பின்புறமும் முன்புறமும் தூசு எடுங்கள். தொங்கவிடாமல் சாய்மேசையில் விரித்துவைப்பது நல்லது. ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். துணிப் பொருள்களுக்கு அருங்காட்சியகங்கள் கொள்ளும் அளவு 50 லக்ஸ் வெளிச்சம்தான், அதை அளக்கும் கருவி உங்கள் இயற்பியல் துறையிலேயே இருக்கும். ஆய்வுக்கு நூல் எடுப்பதானால் குடும்பத்தாரிடம் எழுத்தில் இசைவு பெற்று, பின்புறத்தில் தளர்ந்த இழையிலிருந்து எடுத்து, எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்பதைப் படத்தோடு குறித்துவையுங்கள்.